ஓய்வுக்குப் பிறகு மலையகத்தில் குடியேறுகிறவர்களுக்கு: வைத்திய வசதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் கடை, அலுவலகம், வீட்டு வேலை என்று இருந்துவிட்டு 55, 60 வயதில் ஊர் திரும்புகிறவர்கள், பென்ஷன் எடுத்த ஆசிரியர்கள், குளிர்ந்த இடம் தேடி பண்டாரவளைப் பக்கம் வீடு வாங்குகிறவர்கள், அப்பா அம்மாவைத் தோட்டத்தில் விட்டுவிட்டுத் தூரத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் ஆகியோர் கேட்கும் கேள்விகள் இவை.

வீடு பார்க்கும்போது வைத்திய விஷயத்தில் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

படிகளை எண்ணுங்கள். வீட்டு வாசலிலிருந்து ஓட்டோ வந்து நிற்கக்கூடிய இடம்வரை எத்தனை படி, எவ்வளவு ஏற்றம், மழையில் அந்தப் பாதை என்ன ஆகிறது என்பதுதான் முதல் கணக்கு. வீட்டைக் காட்டுகிறவர் வெயில் அடிக்கும் பகல் பதினொரு மணிக்குக் கூட்டிப்போவார். நீங்கள் இன்னொரு நாள் மாலை ஆறரைக்கு, தூறலில், டோர்ச் ஒன்றுடன் தனியாகப் போய்ப் பாருங்கள்.

இரண்டாவது கணக்கு, றோட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆகும் நேரம். மலையில் கிலோமீற்றரை நம்ப முடியாது. தோட்டத்து றோட்டில் 12 கிலோமீற்றர் சில வேளை ஒரு மணித்தியாலத்தை விழுங்கிவிடும். வாசலிலிருந்து வாகனம், வாகனத்திலிருந்து பொது வைத்திய நிபுணர் இருக்கும் ஆஸ்பத்திரி, இந்த இரண்டு நேரத்தையும் கூட்டுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் வந்தால் நல்ல இடம். இரண்டைத் தாண்டினால், இதய வருத்தம் உள்ளவர் அந்த வீட்டை எடுக்காமல் இருப்பதே நல்லது. வியூ எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

எந்த ஆஸ்பத்திரியில் என்ன கிடைக்கும்?

பலகையில் எழுதியிருக்கும் தரத்தை வாசித்தால் பாதி தெரிந்துவிடும். பிரதேச வைத்தியசாலை என்றால் ஓபிடி, சில வாட்டுகள், சாதாரண மருந்துகள். நிபுணர்கள் பொதுவாக இருக்க மாட்டார்கள். ஆதார வைத்தியசாலையில் பொது வைத்திய நிபுணர், சத்திரசிகிச்சை நிபுணர் போன்றோர் இருப்பார்கள். அதற்கு மேலே மாவட்டப் பொது வைத்தியசாலை, போதனா வைத்தியசாலை, தேசிய வைத்தியசாலை.

ஹற்றன், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்தவர்களுக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை. இந்திய உதவியுடன் கட்டிய 150 கட்டில் கொண்ட அதன் புதிய கட்டடத்தை 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். நுவரெலியாவிலும் நாவலப்பிட்டியிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உள்ளன. ஊவாப் பக்கம் தியத்தலாவை, வெலிமடை ஆதார வைத்தியசாலைகள், அவற்றுக்கு மேலே பதுளை. இதயம், மூளை, சிறுநீரகம் என்று பெரிய விஷயமானால் கடைசியில் எல்லாரும் போய்ச்சேருவது கண்டி தேசிய வைத்தியசாலைக்குத்தான். ஆகவே உங்கள் ஊரிலிருந்து கண்டிக்கு இரவில் எப்படிப் போவது என்பதையும் ஒருமுறை யோசித்து வையுங்கள்.

கொழும்பு கிளினிக்கை இங்கே மாற்றுவது எப்படி?

சாமான் கட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். பலர் செய்யும் பிழை, கையில் இருக்கும் குளிசை முடிகிற நாளில் புது ஆஸ்பத்திரி ஓபிடியில் போய் நிற்பது. அன்றைக்கே கிளினிக் நாளாக இருக்காது. அடுத்த கிளினிக்கும் இரண்டு கிழமை தள்ளித்தான் வரும். இடையில் பிரஷர் மருந்து இல்லாமல் பத்து நாள் போய்விடும்.

பழைய கிளினிக்கில் கடைசியாகப் போகும் நாளில் டொக்டரிடம் மாற்றக் கடிதம் கேளுங்கள். அதில் நோயின் பெயர், எப்போதிலிருந்து, இப்போது எடுக்கும் மருந்துகளின் வேதிப் பெயரும் அளவும், கடைசி இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஒவ்வாமை இருந்தால் அதுவும் இருக்க வேண்டும். ஈசிஜி, எக்கோ, ஸ்கேன் முடிவுகளின் பிரதிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஈசிஜி தாள் சில வருடங்களில் மங்கிவிடும். அதைப் போனில் படமெடுத்து, போட்டோ கொப்பியும் போட்டு வையுங்கள். பழைய ஈசிஜி இருந்தால், நெஞ்சு வலியோடு போகும் நாளில் எது புதிய மாற்றம் என்று டொக்டருக்கு உடனே தெரியும்.

புது இடத்தில் முதலில் ஓபிடியில் துண்டு எடுத்து டொக்டரைப் பார்க்க வேண்டும். அவர்தான் கிளினிக்குக்கு அனுப்புவார். அங்கே பதிவு செய்து கிளினிக் கொப்பியும் அடுத்த திகதியும் தருவார்கள். கொப்பியை ஒரு பொலித்தீன் உறையில் போட்டு, மேலே உங்கள் போன் இலக்கத்தையும் பிள்ளையின் போன் இலக்கத்தையும் எழுதுங்கள். லயத்து முகவரிக்குப் போடும் கடிதம் தோட்ட ஒபீஸ் மேசையில் கிழமைக் கணக்கில் கிடப்பது இன்னும் நடக்கிறது. சத்திரசிகிச்சைத் திகதி, ஸ்கேன் திகதி எதுவானாலும் போனில் சொல்லும்படி கேட்டு வையுங்கள்.

மாதா மாதம் அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. பிரஷர், சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல் மூன்றும் கட்டுப்பாட்டில் இருந்தால், பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையிலேயே மாத மருந்தை எடுத்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை போவதற்கு ஒழுங்கு செய்யலாம். நீங்களாகக் கேட்டால்தான் அது நடக்கும். “கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர முடியுமா?” என்று நிபுணரிடம் கேளுங்கள். போவதற்கு முன்னர், உங்கள் மருந்துகள் எல்லாம் அங்கே இருக்கின்றனவா என்று மருந்து கொடுக்கும் யன்னலில் விசாரியுங்கள். ஒன்று மட்டும் இல்லையென்றால் அதை வெளியே பாமசியில் வாங்குவது, பஸ் செலவையும் ஒரு நாளையும் விட மலிவாக முடியலாம்.

35 வயது தாண்டியவர்களுக்கு பிரஷர், சீனி, உடல் நிறை ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களும் இப்படியான சிறிய ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கின்றன. அங்கே கூட்டமும் குறைவு.

வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனைக்காக விடியற்காலை பஸ்ஸில் போகிறோம். சீனி வருத்தம் உள்ள அப்பா வழியில் மயங்கிவிடுகிறார். ஏன்?

சீனி மருந்தைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு புறப்படுவதால்தான். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு, காலையில் இன்சுலின் ஏற்றி அல்லது குளிசை விழுங்கி, ஐந்து மணி பஸ் பிடித்து, வரிசையில் நின்று இரத்தம் கொடுக்கும்போது மணி ஒன்பது ஆகிவிடும். சீனி அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அன்று காலை சீனி மருந்தை எடுக்காமல் கொண்டுபோய், இரத்தம் கொடுத்த பிறகு சாப்பாட்டோடு எடுப்பதுதான் வழக்கமான முறை. உங்களுக்கு அது பொருந்துமா என்று முன் கிளினிக்கிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிரஷர் குளிசையைத் தண்ணீரோடு எடுக்கலாம். பையில் ரொட்டியும் மூன்று கரண்டி சீனி கலந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றும் இருக்கட்டும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் பரிசோதனையை மறந்துவிட்டு உடனே அதைக் குடிக்கக் கொடுங்கள். எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரிப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையே இல்லை.

1990 அம்புலன்ஸ் தோட்டத்துக்குள் வருமா?

வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய, 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இப்போது நாடு முழுவதும் இருக்கிறது. கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம். கிட்டவுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள். கிளினிக்குப் போய்வர அதைக் கூப்பிடக் கூடாது.

சிக்கல் பெயரில் வருகிறது. மலையகத்தில் பல தோட்டங்களுக்கு இரண்டு பெயர் உண்டு. வரைபடத்திலும் தோட்டப் பலகையிலும் இருப்பது ஆங்கிலப் பெயர். நாம் புழங்குவது தலைமுறை தலைமுறையாக வந்த தமிழ்ப் பெயர். பதற்றத்தில் வாயில் வருவது தமிழ்ப் பெயர்தான். அம்புலன்ஸ் ஓட்டி வருகிறவருக்கோ அது தெரியாது. ஆகவே ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் இவற்றை எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்: தோட்டத்தின் இரண்டு பெயர்கள், எந்த டிவிஷன், பிரதான றோட்டில் எந்தச் சந்தியில் திரும்புவது, பெக்டரி, கோவில், பாலம் என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்று, வீட்டிலிருப்பவரின் வயதும் வருத்தங்களும். போனில் அதை அப்படியே வாசித்தால் போதும்.

போனை வைத்தவுடன் ஒருவரைச் சந்திக்கு அனுப்புங்கள். இரவென்றால் டோர்ச்சோடு. லயத்துக்கு வண்டி ஏறாது என்றால், வண்டி வருவதற்கு முன்பே நோயாளியை றோட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கலாம். ஆனால் நெஞ்சு வலிக்காரரை நடக்க விடாதீர்கள். “கிட்டத்தானே, மெதுவாக நடப்போம்” என்று இருபது படி ஏறுவது, ஏற்கெனவே இரத்தம் போதாமல் இருக்கும் இதயத்துக்கு மேலும் வேலை வைப்பது. கை வைத்த மரக்கதிரை ஒன்றில் உட்கார வைத்து, மார்பைச் சேலையால் கதிரையோடு சுற்றிக் கட்டி, நாலு பேர் தூக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் நோயாளியின் முகம் பள்ளத்தைப் பார்த்தபடி, முதுகு மேட்டுப் பக்கம் இருக்கட்டும். கதிரை சற்றுப் பின்னால் சாய்ந்திருந்தால் அவர் முன்னால் சரிய மாட்டார். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம். பழையதென்றால் கால் விரிந்து உடையும். கம்பளியில் கட்டித் தூக்கும் பழைய முறை மூச்சுத் திணறுபவருக்கு ஆகாது. படுத்தால் அவருக்குத் திணறல் கூடும்.

வண்டி வரும்வரை என்ன செய்வது?

நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இருந்தால், ஒவ்வாமையோ வயிற்றில் இரத்தக் கசிவோ இல்லாதவருக்கு அஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்கக் கொடுக்கலாம். 75 மில்லிகிராம் குளிசை என்றால் நான்கு. ஏற்கெனவே ஜிடிஎன் என்ற நெஞ்சு வலிக் குளிசை கொடுக்கப்பட்டவர் உட்கார்ந்துகொண்டு ஒன்றை நாக்குக்குக் கீழே வைக்க வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் பிரஷர் இறங்கி விழுந்துவிடுவார். அந்தக் குளிசை அதற்குரிய கண்ணாடிப் போத்தலிலேயே இருக்க வேண்டும். திறந்து எட்டுக் கிழமை போனால் புதிது வாங்குங்கள். கடதாசியில் சுற்றி மணிபர்சில் வைத்தது வேலை செய்யாது.

வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ, பேச்சுக் குழறினாலோ அது பாரிசவாதம். அதற்கு அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. மூளையில் இரத்தம் கசிந்திருந்தால் நிலைமை மோசமாகும். தண்ணீரும் வேண்டாம், புரையேறும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், காலையில் டிஸ்பென்சரிக்குப் போவோம் என்று காத்திருந்தால் அந்த நேரம் கைநழுவிவிடும்.

ஆஸ்பத்திரியில் சிங்களம்தான் பேசுகிறார்கள். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான்.

1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரச கரும மொழி. தமிழில் சேவை கேட்பது உங்கள் உரிமை. ஆனால் வரிசையில் நிற்கும் அம்மாவுக்கு அன்றைக்கு உதவுவது சில சொற்கள்தான். பப்புவே கெக்கும என்றால் நெஞ்சு வலி, ஹதிய என்றால் மூச்சு வாங்குதல், கெரகில்ல என்றால் தலைச்சுற்று. மருந்து யன்னலில் கெமட்ட கலின் என்றால் சாப்பாட்டுக்கு முன், கெமட்ட பஸ்சே என்றால் பின். உதே காலை, ரே இரவு. மருந்து உறையில் பி.டி. என்று போட்டிருந்தால் இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, நொக்டே என்றால் இரவுக்கு மட்டும். யன்னலை விட்டு நகர்வதற்கு முன் ஒவ்வோர் உறையிலும் சூரியன், நிலா படம் போட்டுவிடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு அதைவிட நல்ல முறை இல்லை.

முக்கியமான முடிவு சொல்லும் நாளில், சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்துக் கேட்கும் நாளில், இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பிள்ளை தூரத்தில் என்றால் போனில் ஸ்பீக்கர் போட்டாவது டொக்டரோடு பேச வைக்கலாம். தலையாட்டிவிட்டு வருவதுதான் ஆபத்து.

ஆஸ்பத்திரி மருந்தும் எடுக்கிறோம், டவுனில் செனல் பண்ணியும் எடுக்கிறோம். பிரச்சினை உண்டா?

உண்டு, அதிலும் இங்கே நிறைய. ஆஸ்பத்திரியில் பிரஷருக்கு லொசார்டன் என்று கொடுத்திருப்பார்கள். டவுன் டொக்டர் அதே மருந்தைக் கம்பெனிப் பெயரில் எழுதியிருப்பார். இரண்டும் ஒன்று என்று தெரியாமல் இரட்டிப்பாக விழுங்கி, எழும்பும்போது தலை சுற்றி விழுகிறவர்கள் உண்டு. எங்கே போனாலும் எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டு மேசையில் கொட்டுங்கள். துண்டில் வேதிப் பெயர் எழுதும்படி கேளுங்கள். அந்தப் பெயரில் அரச மருந்துக்கடையான ஒசுசலவிலும் வாங்கலாம்.

மூட்டு வலிக்குக் கடையில் உதிரியாக வாங்கும் டிக்ளோபெனாக், ஐபுபுரோபென் பற்றியும் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் கூடை சுமந்து மலையேறிய முழங்கால்கள் வலிக்கத்தான் செய்யும். ஆனால் பிரஷர் மருந்தோடு இவற்றைத் தினமும் எடுத்தால் சிறுநீரகம் கெடும், பிரஷரும் இறங்காது. பரசிட்டமோல் 500 மில்லிகிராம் இரண்டு, நாளைக்கு நாலு வேளைக்கு மேற்படாமல், அதுதான் முதல் மருந்து. மெலிந்தவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் அளவைக் கேட்டுக் குறைக்க வேண்டும்.

ஃபிரிட்ஜ் இல்லை. இன்சுலினை எங்கே வைப்பது?

திறக்காத போத்தலுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில், பெயர் எழுதிய டப்பாவில், கதவுத் தட்டில் வைக்கக் கேளுங்கள். உட்சுவரோடு ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உறைந்து உருகிய இன்சுலினைக் கொட்ட வேண்டியதுதான், பார்க்க நன்றாக இருந்தாலும். திறந்து பாவிக்கும் போத்தல் நம் குளிரில் வெளியே நான்கு கிழமை இருக்கலாம். அடுப்பங்கரை வேண்டாம். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும்போது யன்னல் விளிம்பும் வேண்டாம்.

மழைக் காலத்தில் வழி அடைபட்டால்?

ஹற்றன், கினிகத்தேனை போன்ற மேற்குச் சரிவுக்கு மே முதல் செப்டெம்பர், பதுளைச் சரிவுக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி. 2014 ஒக்டோபர் 29 மீரியாபெத்தை மண்சரிவும், 2025 நவம்பர் டித்வா புயலும் காட்டியதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. றோட்டும் ரயிலும் நாள்கணக்கில் நிற்கும். இந்த மாதங்களில் குறைந்தது இரண்டு கிழமை மருந்து கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும். கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டால் சில இடங்களில் தருவார்கள். இல்லாவிட்டால் பாமசியில் வாங்குங்கள். பழையதை முதலில் முடித்துப் புதியதைச் சேமிப்பில் போடுங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சளாக இருக்கும்போதே, நடக்க முடியாதவரை டவுனில் உள்ள உறவினர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். சிவப்பு வரும்போது எல்லாரும் ஓடுவார்கள், கதிரை தூக்க நாலு பேர் கிடைக்க மாட்டார்கள். ஒக்சிஜன் இயந்திரம் பாவிப்பவர் மின்சாரம் போனவுடனே இடம் மாற வேண்டும்.

உயரமான இடத்தின் குளிர் வயதானவர்களுக்கு ஒத்துக்கொள்ளுமா?

பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர். ஆஸ்துமா, நாட்பட்ட நெஞ்சுச் சளி, இதயப் பலவீனம் உள்ளவர்களுக்கு அங்கே மூச்சு வாங்குவது கூடலாம். வீடு வாங்குவதற்கு முன் ஒரு குளிர் மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். விரல் நுனியில் மாட்டும் ஒக்சிஜன் மானி குளிர்ந்த விரலில் குறைத்துக் காட்டும். கையை உரசிச் சூடாக்கி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் பாருங்கள். பிரஷரை ஜேர்சிக்கு மேலே பார்க்கக் கூடாது. படியேறி வந்தவுடனும் வேண்டாம், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பாருங்கள்.

கதவு, யன்னல் எல்லாம் சாத்திவிட்டு அறைக்குள் கரிச்சட்டி வைத்துத் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் வாயுவுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும்.

பணம், அட்டை, உதவி?

60 வயது முடிந்தவுடன் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை எடுங்கள். 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு வந்தது அது. வரிசையில் முன்னுரிமை கேட்க உதவும். அடையாள அட்டைப் பிரதி, படம், கிராம உத்தியோகத்தர் சான்று கொண்டுபோங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கும் இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. கண்ணில் புரை இருந்தால் வேலையிலிருந்து விலகுவதற்கு முன்பே சத்திரசிகிச்சை செய்துகொள்ளுங்கள். வில்லைக்கான ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் உதவி சேவையில் இருக்கும் அங்கத்தவர்களுக்குத்தான். சேமலாப நிதி ஆண்களுக்கு 55இலும் பெண்களுக்கு 50இலும் கைக்கு வரும். மொத்தத்தையும் வீட்டுக்கூரையில் போட்டுவிடாமல், கண்டிக்குப் பத்துத் தடவை போய்வரும் செலவையாவது தனியாக ஒதுக்குங்கள்.

நாங்கள் கொழும்பிலும் கட்டாரிலும் இருக்கிறோம். தூரத்திலிருந்து என்ன செய்ய முடியும்?

பணம் அனுப்புவதைவிட ஆள் பிடித்து வைப்பது பெரிய உதவி. இரவில் கூப்பிட்டால் வரும் ஓட்டோக்காரர் இரண்டு பேரின் இலக்கம் வேண்டும். ஒருவர் மட்டும் போதாது. கிளினிக் நாளில் கூடப் போக ஒருவருக்கு நாட்சம்பளம் பேசிக் கொடுங்கள். சொந்தக்காரரானாலும் கொடுங்கள். சும்மா வரச் சொன்னால் மூன்றாவது மாதம் வர மாட்டார். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தை ஒவ்வொரு மாதமும் வட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்த முறை வரும்போது டிவிக்குப் பதிலாக வெளிப்படிக்குக் கைப்பிடி போட்டுக் கொடுங்கள். 90 சென்றிமீற்றர் உயரம், ஒன்றரை அங்குல ஜீஐ குழாய், இரு முனையும் கொங்கிறீட்டில். கக்கூசுக்குப் போகும் வழி வெளியே என்றால் அங்கேதான் முதலில். இரவு இரண்டு மணிக்கு அந்த வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறிகிறவர்கள் உண்டு. மழையில் பாசி பிடிக்கும் படிக்குச் சீமெந்து காயும் முன்பே விளக்குமாற்றால் கோடு இழுத்துவிடச் சொல்லுங்கள்.